சென்னை மாநகராட்சித் தேர்தல்கள்

சென்னை மாநகராட்சியின் உறுப்பினர்களையும் மேயரையும் தேர்ந்தெடுக்கும் தேர்தல்களின் வரலாறு. மாநகராட்சி 1688இல் தொடங்கியது. அதன் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரையாவது நகரவாசிகள் தேர்ந்தெடுக்கும் உரிமை 1878இல்தான் வந்தது. கடைசியாக 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் 43.59 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவான பதிவு அது. சென்னைக்காரருக்கு அக்கறை இல்லை என்று இந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுவது எளிது. இந்த நகரத்தில் மாநகராட்சித் தேர்தல் எத்தனை முறை நின்றுபோனது, மன்றம் இல்லாத காலத்தில் அதன் வேலைகள் யார் கைக்குப் போயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் விளங்கும்.

தொடக்கம்

இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஒப்புதலோடு கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30ஆம் நாள் பட்டயம் வழங்கியது. அதன்படி 1688 செப்டம்பர் 29ஆம் நாள் மாநகராட்சி செயல்படத் தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். மேயருக்குத் துணையாக 12 ஆல்டர்மேன்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூத வணிகர் ஆகியோரோடு உள்ளூர் வணிகர்களும் அவர்களில் இருந்தார்கள். 

கம்பெனியின் நோக்கம் வரி. கோட்டையிலிருந்து வரி கேட்டால் மக்கள் முரண்டுபிடிக்கிறார்கள், தங்களுள் பெரிய மனிதர்கள் கேட்டால் கொடுப்பார்கள் என்று லண்டனில் இருந்த ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். கணக்குப் பலிக்கவில்லை. வரி கொடுப்பவருக்குத் தன்னை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதபோது அந்த மன்றத்தை அவர் தன்னுடையதாக எப்படி நினைப்பார்? இந்தக் கேள்வி பிறகு வந்த நூற்றாண்டுகளிலும் ஓயவில்லை.

1867ஆம் ஆண்டுச் சட்டம் நகரத்தை எட்டு வட்டங்களாகப் பிரித்தது. வட்டத்துக்கு நான்கு பேர் வீதம் 32 பேரையும் அரசே நியமித்தது. 1878இல் வந்த சட்டம்தான் அந்த 32 பேரில் 16 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றது. ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் 1882இல் வெளியானது. அதைத் தொடர்ந்து 1884இல் தேர்ந்தெடுக்கப்படுவோர் எண்ணிக்கை 24 ஆயிற்று. மாநகராட்சிக் கட்டடத்துக்கு ரிப்பன் பெயரை வைத்ததற்குக் காரணம் இந்த நன்றிதான். அந்த வெள்ளை மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. ஆனாலும் வாக்கு என்பது சொத்தும் வரிச்சீட்டும் உள்ளவருக்கே உரியதாக இருந்தது. குடிசையில் இருந்தவருக்கும், தெருவைக் கூட்டியவருக்கும் அதில் இடமில்லை.

கட்சிகள் வந்த காலம்

1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் மன்றத்தை 50 பேர் கொண்டதாகவும் நகரத்தை 30 வட்டங்களாகவும் ஆக்கியது. மன்றத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறையும், நிர்வாகத்தை ஆணையரிடம் தனியாக ஒப்படைக்கும் முறையும் இதிலிருந்துதான் வருகின்றன. அப்படித் தலைவரானவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராய செட்டியார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது அவர் தலைமையில் இருந்த மன்றம். பின்னாளில் மாநிலம் முழுவதும் பரவிய சத்துணவுக்கு முன்னோடி அது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்த நகரம் தரும் சான்றுகளில் இதைவிடச் சிறந்ததாக ஒன்றை நான் காணவில்லை.

வழக்கொழிந்திருந்த மேயர் பட்டம் 1933இல் திரும்ப வந்தது. முதலில் அதைப் பெற்றவர் செட்டிநாட்டு ராஜா சர் முத்தையா செட்டியார். 1936இல் காங்கிரஸ் மாநகராட்சியைக் கைப்பற்றியபோது நீதிக்கட்சியின் காலம் முடிகிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் அதை உறுதிசெய்தது. 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் மனிதர் அவர். 1939இல் மேயரான சத்தியமூர்த்தியின் பெயரைப் பூண்டி நீர்த்தேக்கம் இன்றும் தாங்கி நிற்கிறது. விடுதலைக்குப் பின், 1956இல், தாரா செரியன் முதல் பெண் மேயரானார்.

அப்போது மேயர் பதவி ஓராண்டுக்குத்தான். மன்ற உறுப்பினர்கள் கூடி ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு சமூகத்துக்குப் பின் இன்னொரு சமூகம் என்று முறை வைத்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பதவி அலங்காரமானதுதான் என்றாலும், நகரத்தின் பல தரப்பினரும் மேயர் அங்கியை அணிய முடிந்தது அதன் நற்பயன்.

1959ஆம் ஆண்டுத் தேர்தலைத் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் தனியாகவே எழுத வேண்டும். 100 வட்டங்களில் 45ஐத் திராவிட முன்னேற்றக் கழகம் வென்றது. வேறெந்தக் கட்சிக்கும் அத்தனை இடங்கள் கிடைக்கவில்லை. அ. பொ. அரசு மேயரானார். இரண்டே ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாகச் சட்டமன்றத்தில் நுழைந்திருந்த கட்சிக்கு ஆட்சி என்றால் என்ன என்று பழகிப் பார்க்க ரிப்பன் மாளிகைதான் களமாக அமைந்தது. வெற்றிக்கு உழைத்ததற்காக மு. கருணாநிதிக்கு அண்ணா கணையாழி அணிவித்தது அப்போதுதான். 1967இல் மாநில ஆட்சியைப் பிடித்துக் கோட்டைக்குப் போன கட்சி எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. வட்டம் வட்டமாக வீடு தேடிப்போன தொண்டர்கள் கட்டிய வெற்றி அது. 1968இல் வட்டங்கள் 120 ஆயின.

இருபத்துமூன்று ஆண்டு வெற்றிடம்

1973இன் இறுதியில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. வேலைக்கு வராதவர்களின் பெயரில் கூலி எழுதி எடுத்த மஸ்டர் ரோல் ஊழல் அதற்குக் காரணம். மாநிலத்தை ஆண்டதும் தி.மு.க., மாநகராட்சியை வைத்திருந்ததும் தி.மு.க. தன் கட்சியின் மன்றத்தையே முதல்வர் கருணாநிதி கலைத்தார். ஊழலுக்கு நடவடிக்கை எடுத்தது சரியே. அதன்பின் வந்த எந்த அரசும் 1996 வரை மறுபடி தேர்தல் நடத்தவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் பெரிய காயம். 1986இல் மற்ற நகராட்சிகளுக்குத் தேர்தல் வந்தபோதும் சென்னைக்கு வரவில்லை. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, ரிப்பன் மாளிகையில் மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர் ஆட்சி மட்டும் மாறவில்லை.

இதை ஒரு மனிதரின் வயதாக எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது வாக்களிக்கும் வயது 21. 1974இல் 21 வயதான ஒருவர் தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கவுன்சிலருக்கு வாக்களிக்கும்போது 43 வயதாகியிருப்பார். திருமணம், பிள்ளைகள், வீடு, வேலை எல்லாம் கவுன்சிலர் என்ற ஒருவர் இல்லாமலே நடந்து முடிந்திருக்கும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் எம்.எல்.ஏ.விடம் போவது, சாக்கடை அடைத்தால் அலுவலகத்தில் மனு கொடுப்பது என்று அவர் பழகியிருப்பார்.

வெற்றிடம் இருந்த காலத்தில் அதிகாரங்களும் இடம்பெயர்ந்தன. நகரத் திட்டமிடலுக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வந்தது. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் அமைந்த தனி வாரியத்துக்குப் போயின. குடிசைப் பகுதிகளுக்கான வாரியம் 1970இலேயே வந்துவிட்டது. எதிர்த்துக் கேட்க மன்றம் இல்லாத ஆண்டுகளில் மற்றவையும் இப்படிக் கைமாறியதால், 1996இல் திரும்பி வந்த கவுன்சிலரிடம் குப்பை, சாலை, விளக்கு, மழைநீர் வடிகால், பள்ளி, பூங்கா, மருத்துவமனை போன்றவை எஞ்சியிருந்தன. தண்ணீர் வரவில்லை என்று மக்கள் இன்றும் முதலில் கவுன்சிலரைத்தான் கேட்கிறார்கள். அவர் வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

மீண்டும் தேர்தல்

அரசமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சிக்கு ஐந்தாண்டு ஆயுள், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, தாழ்த்தப்பட்டோருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ப இடம், தேர்தலை நடத்தத் தனி மாநிலத் தேர்தல் ஆணையம் என்று அது வகுத்தது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மெட்ராஸ் சென்னை ஆன அதே ஆண்டு அது. மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் தி.மு.க.வின் மு.க. ஸ்டாலின். 2001இலும் அவரே வென்றார். ஆனால் துணை மேயர் நாற்காலி எதிர் அணியின் கராத்தே தியாகராஜனிடம் போனது. மேயருக்கு ஒரு சீட்டு, கவுன்சிலருக்கு இன்னொரு சீட்டு என்று மக்கள் பிரித்துப் போட முடிந்த காலம். 2002இல் ஒருவர் இரண்டு பதவிகள் வகிக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த ஸ்டாலின் மேயர் பொறுப்பை விட நேர்ந்தது. மீதிக் காலத்தைத் துணை மேயர் கவனித்தார்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை அதன்பின் நிலையாக நிற்கவே இல்லை. 2006இல் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல். 2011இல் மறுபடி நேரடித் தேர்தல். 2016இல் மறைமுகம் என்று சட்டம் வந்து, 2018இல் நேரடி என்று மாறி, 2019 நவம்பரில் மீண்டும் மறைமுகம் ஆனது. இந்த முறை மேயருக்கு வாக்கு உண்டா இல்லையா என்று வாக்காளர் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

2006 அக்டோபர் தேர்தலை இந்த நகரம் பெருமையோடு நினைக்க முடியாது. வாக்குச்சாவடிகளில் வன்முறை நடந்தது, கள்ள வாக்குகள் விழுந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 155 வட்டங்களில் ஏறத்தாழ நூறு வட்டங்களுக்கு 2007 பிப்ரவரியில் மறுபடி தேர்தல் நடத்த வேண்டியதாயிற்று. வரிசையில் நிற்கப் போன முதியவர் அடிதடி கண்டு வீடு திரும்பினால், அடுத்த முறை அவர் வரத் தயங்குவார். வாக்குப்பதிவு பற்றிய கணக்குகளில் இந்த அச்சத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மன்றத்தின் மேயராக மா. சுப்பிரமணியன் இருந்தார்.

2011இல் நகரத்தின் எல்லையே மாறியது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சேர்க்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 200 வட்டங்கள், 15 மண்டலங்கள். அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் போன்ற ஊர்கள் தங்கள் நகர்மன்றங்களை இழந்து மண்டலங்களாயின. சின்ன ஊராட்சியில் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள், ஆயிரக்கணக்கான வாக்காளர் கொண்ட வட்டம் ஒன்றில் ஒருவரானார்கள். அந்த அக்டோபரில் அ.தி.மு.க. 168 வட்டங்களை வென்றது. சைதை துரைசாமி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் மேயரானார்.

2022: முடிவும் பதிவும்

2016 அக்டோபருக்கு அறிவித்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4ஆம் நாள் ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கு அது. மாத இறுதிக்குள் மன்றத்தின் காலம் முடிந்தது, தனி அலுவலர் ஆட்சி திரும்பியது. வட்ட மறுவரையறை, வழக்குகள், பெருந்தொற்று என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 2011 அக்டோபரில் 17 வயதாக இருந்தவர் முதல் முறையாகக் கவுன்சிலருக்கு வாக்களித்தபோது வயது 27.

2022 பிப்ரவரி 19ஆம் நாள் சனிக்கிழமை வாக்குப்பதிவு. தொற்று உள்ளவர்களுக்கென்று மாலை 5 முதல் 6 மணி வரை ஒதுக்கியிருந்தார்கள். 61 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் வந்தார்கள். அன்று மாநிலம் முழுவதும் நகர உள்ளாட்சிகளில் 60.70 விழுக்காடு. ஊர் சிறியதாகச் சிறியதாகப் பதிவு கூடியது: மாநகராட்சிகளில் 52.22, நகராட்சிகளில் 68.22, பேரூராட்சிகளில் 74.68. ஓராண்டுக்கு முன் 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் 59 விழுக்காடு பதிவானது. அப்படியானால் சென்னைக்காரர் வாக்குச்சாவடிக்கு வழி தெரியாதவர் அல்லர். சட்டமன்றத்துக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் மாநகராட்சிக்கு வரவில்லை.

காரணங்கள் பல. உள்ளாட்சிக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுத்துப் பிரிக்கப்படுவது. வாடகைக்கு வீடு மாறியவரின் பெயர் பழைய தெருவிலேயே இருக்கும். இறந்தவர், ஊர் போனவர் பெயர்களும் நீங்காமல் இருந்தால் விழுக்காடு இன்னும் கீழே தெரியும். மறுவரையறையால் வட்டம் மாறியது பலருக்குத் தெரியாது. ஒரு வகுப்பு வேறுபாடும் உண்டு: 2019 மக்களவைத் தேர்தலில் வடசென்னைத் தொகுதியில் 64 விழுக்காடும் தென்சென்னையில் 57 விழுக்காடும் பதிவாயின. குடிநீர் லாரியையும் பொதுக்கழிப்பிடத்தையும் மாநகராட்சிப் பள்ளியையும் நம்பி வாழ்பவர் வரிசையில் நிற்கிறார். ஆழ்துளைக் கிணறும் தனியார் பள்ளியும் உள்ளவர் பல நேரம் வீட்டில் இருந்துவிடுகிறார்.

முடிவுகள் பிப்ரவரி 22இல் வந்தன. தி.மு.க. 153, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் 4, விடுதலைச் சிறுத்தைகள் 4, ம.தி.மு.க. 2, இந்தியக் கம்யூனிஸ்ட் 1, முஸ்லிம் லீக் 1 என தி.மு.க. அணி 178 வட்டங்களைப் பெற்றது. அ.தி.மு.க.வுக்கு 15, பா.ஜ.க.வுக்கு 1, அ.ம.மு.க.வுக்கு 1, சுயேச்சைகளுக்கு 5. பத்து ஆண்டுகளுக்கு முன் 168 பெற்ற கட்சி 15ஆகச் சுருங்கியது. மேற்கு மாம்பலம் அடங்கிய 134ஆம் வட்டம் மட்டும் பா.ஜ.க.வுக்குப் போனது.

பெண்களுக்குச் சரிபாதி ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த முதல் மாநகராட்சித் தேர்தல் இது. மேயர் பதவியும் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4ஆம் நாள் ஆர். பிரியா போட்டியின்றி மேயரானார். தாரா செரியன், 1971இல் மேயரான காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண். மேயரான முதல் தலித் பெண். வடசென்னையில் வளர்ந்த இளம் பெண் ஒருவர் ரிப்பன் மாளிகையில் சிவப்பு அங்கி அணிந்து நின்ற படம், வரிச்சீட்டு இருந்தால்தான் வாக்கு என்றிருந்த இந்த மன்றத்தின் பழைய காலத்தை அறிந்தவருக்கு மனம் நிறைக்கும் காட்சி.

வட்டந்தோறும் மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் பகுதி சபைகளை அமைப்பதற்கான விதிகளும் அந்த ஆண்டிலேயே வந்தன. மார்ச் 2ஆம் நாள் உறுப்பினர்கள் பதவியேற்ற இந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை.