கட்டியங்காரன்

தெருக்கூத்தில் மற்ற வேடங்களுக்கு முன்னே களரிக்கு வருகிறவன் கட்டியங்காரன். அரசனோ அசுரனோ நுழையும்போது எதிர்கொண்டு, யார் எவர் என்று விசாரித்து, கதைக்குள் ஒரு காலும் கூட்டத்துக்குள் ஒரு காலுமாக நின்று விடியும்வரை இரவை ஓட்டுவது அவன் வேலை. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையைச் சுற்றி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற விளையாட்டுகளில் கேம் மாஸ்டர் என்றொருவர் உண்டு. எதிரி, வழிப்போக்கன், வாயிற்காவலன் எல்லோருக்கும் அவரே பேசுவார். ஆடுபவர்கள் முன் ஒரு நிலைமையை வைத்து, இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். அவருக்குத் தமிழில் அண்ணன்முறை யாரென்றால், இவன்தான்.

அரண்மனையிலும் கோயில் உற்சவத்திலும் பட்டப்பெயர்களை உரக்கச் சொல்லும் பணியாளே இவனுக்கு மூலம். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் கட்டியக்காரன் தொடக்கத்திலேயே வருகிறான். பவனியை அறிவித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறான். கேள்வி கேட்கும் வேலை அதே நூலில் குறவன் சிங்கனுக்குக் கிடைக்கிறது. தேடி அலைந்து கண்டுபிடித்த மனைவி சிங்கியின் உடம்பில் கிடக்கும் புதுநகைகளை ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன என்று அவன் கேட்க, அவள் குறும்பாகப் பதில் சொல்லிக்கொண்டே போகிறாள். அறிவிப்பவனையும் கேட்பவனையும் கூத்து ஒரே ஆளாக்கியது என்று கொள்ளலாம். மெலட்டூர் பாகவத மேளாவில் முதலில் வரும் கோணங்கி இவனுக்குப் பங்காளி.

கூத்தில் ஒரு வேடம் சட்டென்று வெளியே வந்துவிடாது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடும், ஆடும், அதட்டும். திரை விலகியதும் கட்டியங்காரன் கேட்கிறான்: ஐயா, தாங்கள் யார்? எந்த நாடு? துரியோதனன் தன் பெருமையை விரிக்க விரிக்க இவன் இடைமறிக்கிறான். உங்கள் ராச்சியத்திலாவது மாதம் மும்மாரி பெய்கிறதா, இங்கே கிணறு வற்றிக் கிடக்கிறதே என்பான். அரசன் கோபிக்கலாம், சமாளிக்கலாம், இவனைத் துரத்தலாம். எது செய்தாலும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பாட்டு பாடமானது, இந்தப் பேச்சு அன்றைக்கு அன்றைக்குப் பிறப்பது. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடியவில்லையென்றால் இவன் நீட்டுவான். பின்னிரவில் தலைகள் சாய்ந்தால் கிழவியாகவோ சேவகனாகவோ மாறிச் சிரிக்க வைப்பான். யாராவது அன்பளிப்பு கொடுத்தால் அதையும் கதைக்குள் இழுத்துக்கொள்வான். ஆனால் சூதாட்டமும் துகிலுரிதலும் ஆடும் பகடை துகில் இரவில் திரௌபதியைச் சபைக்கு இழுத்து வரும் கட்டத்தில், கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில், இவன் பரிகாசம் செய்தால் ஊர் பொறுக்காது. எப்போது வாயை மூடுவது என்று அறிந்தவனே தேர்ந்த கட்டியங்காரன் என்பது என் எண்ணம்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்தின் எல்லை இன்னும் விரிகிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாகும். அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் உயர்ந்த தபசுமரத்தில் ஏறி எலுமிச்சம்பழம் எறிவார்; பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே அதைப் பிடிக்கக் காத்திருப்பார்கள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனின் தொடையைப் பீமன் பிளப்பான். பார்க்க வந்த ஊரே அங்கே பாத்திரமாகிவிடுகிறது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி வடக்கே கூத்து வழங்கும் நாட்டுக்கும் தெற்கே ஸ்பெஷல் நாடகம் வழங்கும் புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக்கும் இடையில் கிடக்கிறது. அங்குள்ள குன்னம் என்ற ஊருக்குக் கதை சொல்லும் கலையில் இன்னொரு வகைப் பங்கு உண்டு. உ.வே. சாமிநாதையர் சிறுவனாகக் குடும்பத்தோடு அவ்வூரில் தங்கிப் படித்திருக்கிறார். தந்தை வேங்கடசுப்பையர் உடையார்பாளையம் கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி ஊர் ஊராக இராமாயணக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தியவர். எல்லாப் பாத்திரங்களையும் ஒரே வாயால் பேசும் அந்தக் கலையில் கட்டியங்காரன் இல்லை. எதிரே கேட்பவர் முகத்தைப் பார்த்து நீட்டுவதும் சுருக்குவதும் மட்டும் அதே.

1876இல் ஆங்கில அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. மேடையில் யார் என்ன பேசுவார் என்பது போலீஸ் கவலையாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில்தான் பிரஷ்யத் தளபதி வெர்டி து வெர்னுவா போர்ப்பயிற்சி விளையாட்டில் விதிப்புத்தகத்தைக் குறைத்து, கேம் மாஸ்டருக்கு முன்னோடியான நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்று எழுதினார்.

இங்கே சட்டத்தை மீறி வளர்ந்தது தர்க்கம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிறது. நடிகர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியே வந்து, ஒத்திகையில்லாமல் மேடையில்தான் சேர்கிறார்கள். நாரதரும் வள்ளியும் கேள்வியும் எதிர்க்கேள்வியுமாக நெடுநேரம் மோதுவார்கள். ஆர்மோனியக்காரர் இருவரையும் பார்த்துச் சுருதியோடு பிடித்து நிறுத்துவார். முருகன் வேடத்தில் விஸ்வநாததாஸ் தினைப்புனத்துப் பறவைகளில் வெள்ளைக் கொக்கைக் காட்டிப் பாடினால் அது வெள்ளைக்காரனைக் குறிப்பதென்று கூட்டத்துக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறை சென்ற அவர் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார்.

அமெரிக்காவில் டேவிட் வெஸ்லி 1969இல் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டத்தில் ஆடுபவர்கள் திட்டத்தை விட்டுத் தத்தம் வழியில் போனார்கள். கெட்டுப்போன ஆட்டம் என்று அவர் நினைத்தார். அவர்களோ மறுபடி கேட்டார்கள். அதிலிருந்து டேவ் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டனர். 2000இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு ஒவ்வோர் எதிரிக்கும் கடினத்தின் அளவை எண்ணாகவே கொடுத்தது. கூத்தில் அப்படி எண் எதுவும் இல்லை; முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம்தான் கணக்கு.

1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நகர நடிகர்களைக் கூத்தின் பக்கம் திருப்பியது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் குழு மார்க்வெஸ் கதையைக்கூடக் கூத்தாக்கியது. ஊர்க் களரியின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழா நாட்களில் நள்ளிரவுவரை சலுகை தரலாம். விடியவிடிய நடந்ததைச் சில மணிக்குள் அடக்கும்போது பாட்டை வெட்ட வாத்தியார் மனம் ஒப்பாது, சண்டையை வெட்டக் கூட்டம் விடாது. வெட்டுப்படுவது கட்டியங்காரன் பேச்சுதான்.