பணியிலுள்ள மருத்துவர் ஒதுக்கீடு (தமிழ்நாடு)

அரசு மருத்துவர்களைப் பணியில் ஈர்க்கவும் தக்கவைக்கவும் தமிழ்நாடு கையாளும் கொள்கை. முதுநிலை மருத்துவப் படிப்புகளில் மாநிலத்துக்குரிய இடங்களில் 50 விழுக்காடு, அரசுப் பணியில் இருப்போருக்கு ஒதுக்கப்படுகிறது.

நோக்கம்: நகரத் தனியார் மருத்துவமனைகளின் ஊதியத்துடன் ஆரம்ப சுகாதார நிலையங்கள் போட்டியிடுவது கடினம். சிற்றூர்ப் பணி மேற்படிப்புக்கு வழிவிடும் என்றால் இளம் மருத்துவர்கள் அங்கே செல்வர். படித்துத் திரும்புவோர் சிறப்பு மருத்துவர்களாவர். மதுரை மாவட்டத்தின் மேலூர் போன்ற வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு, குழந்தை நலம், மயக்கவியல் ஆகியவற்றுக்கு இத்தகையோர் தேவை. இல்லையெனில் நோயாளிகள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர்.

வழக்கு: 2017-இல் முதுநிலைப் பட்டப் படிப்புகளில் இவ்வொதுக்கீடு தடைபட்டது. அதற்கு மாற்றாக, தொலைதூர, கடினப் பகுதிகளில் பணிபுரிந்தோருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டப் பொதுப்பட்டியலின் 25-ஆம் பதிவே அதற்கு அடிப்படை. இவ்வாறு பயில்வோரிடம், படிப்புக்குப்பின் ஊரக, பழங்குடி, மலைப் பகுதிகளில் ஐந்தாண்டு பணியாற்ற உறுதிப்பத்திரம் பெறுமாறும் அமர்வு கூறியது.

விரிவாக்கம்: 2020 நவம்பரில் உயர் சிறப்புப் படிப்புகளுக்கும் 50 விழுக்காடு ஒதுக்கி அரசாணை வெளியானது. அதைச் செயல்படுத்த 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.