கல் விழுந்த கரை

புதுச்சேரியில் ஒரு தலைமுறைக்கு ஊர்க் கடற்கரை என்றால் கருங்கல் குவியலாகத்தான் இருந்தது. காந்தி சிலைக்கு எதிரே மணல் விரிந்து கிடந்தது அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை.

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டி, கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும்; வடகிழக்குப் பருவத்தில் மட்டும் கொஞ்சம் திரும்பும். சுவர் அந்த வழியை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் கரையைத் தின்றது. சேரும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும் ஒழுங்காக நடக்கவில்லை. சென்னையில் ஏற்கெனவே பார்த்த கதைதான்: அங்கே துறைமுகம் மெரினாவை அகலமாக்கியது, ராயபுரத்துக்கு வடக்கே கரையை அரித்தது.

கடற்கரைச் சாலையைக் காக்கக் கல் கொட்டப்பட்டது. மணல் போனாலும் தலைமைச் செயலகமும் பிரெஞ்சுக் காலக் கட்டடங்களும் நின்றன. கடலைப் பார்த்த அறைக்கு விடுதிகள் கூடுதல் வாடகை கேட்பது நின்றுவிடவில்லை.

கரையோர மனையின் மதிப்பில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையின்படி, நகரத்தில் ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கமாகக் கட்ட முடிந்தது. கிராமப்புறத்திலோ உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்றிருந்தது. கடல் உள்ளே வந்தால் ஒதுக்க வேண்டிய தூரமும் உள்ளே தள்ளிப்போகும். ஆக, கல் விழுந்த இடத்தில் மனைக்கு உயிர் இருந்தது. விழாத இடத்தில் மண்ணோடு மதிப்பும் கரைந்தது.

கல்லின் வடமுனை எங்கே முடிகிறதோ அங்கே அரிப்பு தொடங்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அது நகர்ந்து, புதுச்சேரி எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் புகுந்தது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் கரைவலை இழுக்கவும் படகு ஏற்றவும் இடம் சுருங்கியது. மீனவர்கள் கேட்டது தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு. ஒரு குப்பத்தில் போட்டால் அடுத்த குப்பம் அரிக்கும் என்பது கேட்டவர்களுக்கும் தெரியும்; வேறு எதைக் கேட்பார்கள்?

2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டை இறக்கியது. அதோடு மணலும் கொட்டியதில் கரை மீண்டது, சுற்றுலாக் கூட்டம் மணலில் இறங்கியது. வடக்கே உள்ள குப்பங்களுக்கு அப்படி ஒரு திட்டு இறக்கப்படவில்லை.