நூறில் எத்தனை பேர்?

ரெயோமூர் என்ற பெயரை நாங்கள் வெப்பமானிப் பாடத்தில் படித்தோம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. அதே ரெயோமூர் 1740-ல், நீரில் மூழ்கியவர்களுக்கு எப்படி உதவுவது என்று ஓர் அறிவிப்பும் எழுதினார் என்பது ஓய்வுபெற்ற பிறகு வாசித்துத்தான் தெரிந்தது. அதன் தலைப்பைக் கவனித்தேன். மூழ்கி இறந்தவர்கள் என்று இல்லை. இறந்ததாக நினைக்கப்படுபவர்கள் என்றுதான் இருக்கிறது. உயிர் போவது வேறு, போய்விட்டதாக நாம் நினைப்பது வேறு.

1767-ல் ஆம்ஸ்டர்டாமில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கால்வாய்கள் நிறைந்த ஊர். தவறி விழுபவர்கள் அதிகம். நான்கு ஆண்டுகளில் 150 பேர் பிழைத்ததாகக் கணக்குச் சொன்னார்கள். ஆயுள் முழுக்கப் பதிவேடு எழுதியவன் நான். எனக்கு உடனே எழுந்த கேள்வி: எத்தனை பேரில் 150?

1960-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், நெஞ்சைத் திறக்காமல் மேலிருந்தே கையால் அழுத்தி, நின்ற இதயத்தின் வேலையைச் செய்யலாம் என்று எழுதினார்கள். 20 பேரில் 14 பேர் பிழைத்தார்கள். நூற்றுக்கு எழுபது! ஆனால் அவர்கள் மருத்துவமனையில் டாக்டர்கள் கண்முன்னே இதயம் நின்றவர்கள். தெருவில் விழுந்தவர்கள் கணக்கு அதுவல்ல.

தெருவுக்கு வைத்தியத்தைக் கொண்டுபோனவர் பெல்ஃபாஸ்ட் நகரத்து டாக்டர் பான்ட்ரிட்ஜ். 1966-ல் மின்னதிர்ச்சிக் கருவியை ஆம்புலன்சில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடிய அதன் எடை சுமார் 70 கிலோ.

அதன்பின் ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு விகிதம் சொன்னது. சிலர் விழுந்த எல்லோரையும் எண்ணினார்கள். சிலர் பிழைக்க வாய்ப்புள்ளவர்களை மட்டும் எண்ணினார்கள். 1990-ல் நார்வேயில் உட்ஸ்டைன் என்ற பழைய மடத்தில் வல்லுநர்கள் கூடி, எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதற்குப் படிவம் வகுத்தார்கள். விழுந்ததை யாராவது பார்த்தார்களா? வண்டி வருமுன் யாராவது நெஞ்சை அழுத்தினார்களா? எத்தனை நிமிடம் ஆயிற்று? உயிரோடு வீடு திரும்பினாரா? குமாஸ்தா உத்தியோகத்துக்கு இதைவிடப் பெருமை வேண்டாம்.

அப்படி எண்ணினால் அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புவது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான். சியாட்டில் வட்டாரத்திலோ, பிறர் கண்ணெதிரே விழுந்து, மின்னதிர்ச்சிக்கு இணங்கும் நிலையில் இதயம் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கிறார்கள். அங்கே பொதுமக்களுக்குப் பல்லாண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறார்கள்.

நம் பக்கம் 108 வண்டி 2005-ல் ஆந்திராவிலும் 2008-ல் தமிழ்நாட்டிலும் வந்தது. இலவச வண்டி, பெரிய வரம். ஆனால் இதயம் நின்றவர்களுக்கென நாடு தழுவிய பதிவேடு நம்மிடம் இல்லை. தெலங்கானாவில் வாரங்கல் பகுதியில் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் ஆரல்வாய்மொழியில் ஒரு டீக்கடை வாசலில் ஒருவர் சரிந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. சோடா வாங்கி வந்தார்களாம், முகத்தில் தண்ணீர் தெளித்தார்களாம், "காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்று விலக்கினார்களாம். காற்றுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? 108-ம் தாமதிக்கவில்லை. ஆசாரிப்பள்ளம் போகும் வழி நெடுக ஊழியர் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனாராம். அவர் பிழைக்கவில்லை.

அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைக்கிறது. பத்து நிமிடத்தில் வண்டி வந்தாலும் மிச்சம் என்ன இருக்கும்? ஆகவே, வண்டி வருமுன் அங்கே நிற்பவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆள் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. பொதுமக்களுக்கு அழுத்துவது மட்டும் போதும் என்று இந்திய மயக்க மருத்துவர்கள் 2017-லேயே வழிகாட்டியிருக்கிறார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். பேரூராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட வாருங்கள்.