பொல்லாத உண்மை

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் சட்டநூல்களில் மட்டுமன்றி, அது எதனைக் கண்டு சிரித்தது என்பதிலும் காணலாம். 1937ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஓஃபுல் ட்ரூத்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும். ‘பொல்லாத உண்மை’ என்பது அப்பெயரின் பொருள். ஆதர் ரிச்மன் 1922இல் எழுதிய நாடகத்தைத் தழுவி, லியோ மக்கேரி இதனை இயக்கினார். கேரி கிராண்டும் ஐரீன் டன்னும் தம்பதியராக நடித்தனர்.

புளோரிடாவிலிருந்து திரும்பியதாகக் கூறிக் கணவன் தோடம்பழங்களைக் கொடுக்கின்றான். பழத்திலோ கலிபோர்னியா முத்திரை! மனைவியும் இரவு முழுதும் வெளியே தங்கி, சங்கீத ஆசிரியருடன் வந்து சேர்கின்றாள். மோட்டார் வண்டி பழுதுற்றது என்பது அவள் சொல். ஒருவரை ஒருவர் நம்பாமையால் வழக்கு மன்றேறுகின்றது. வளர்ப்பு நாய் எவருக்கு என்பதே அங்கு பெரும் பிணக்கு! மணமுறிவு 90 நாளின் பின்னரே முடிந்த முடிபாகும் எனத் தீர்ப்பாகின்றது.

நேயர்களே, இந்த நகைப்பின் பின்னணியை நோக்குவோம். நியூயோர்க் மாநிலத்தில் 1787ஆம் ஆண்டு முதல் சோரம் ஒன்றே மணமுறிவுக்குரிய காரணமாயிருந்தது. 1966இல் திருத்தச் சட்டம் பிறக்கும்வரை இந்நிலை நீடித்தது. ஆகவே, பிரிய விரும்பியோர் சிலர் பொய்ச்சான்று புனைந்தனர். வசதியுடையோர் நெவாடா மாநிலத்துக்குச் சென்றனர். அங்கு 1931 முதல் ஆறு கிழமை வசித்தாலே வழக்குத் தொடுக்க இயலும்.

திரைப்படத் துறைக்கோ வேறொரு தளை இருந்தது. 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை விதிகள், திருமணத்தின் புனிதத்தைப் பேணுமாறு பணித்தன. ஆயினும், பிரிந்தவர் தம் பழைய துணையையே மீண்டும் நாடுவதற்குத் தடை ஏது? இத்தகைய கதைகள் அக்காலத்திற் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மெய்யியலாளர் ஸ்டான்லி கவெல் 1981இல் இவ்வகைப் படங்களைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

தவணை முடியும் நள்ளிரவில், நாட்டுப்புற வீடொன்றின் அடுத்தடுத்த அறைகளில் இருந்த இருவரும் ஒன்றுசேர்கின்றனர். கணவன் எங்கே சென்றிருந்தான் என்பதைப் படம் இறுதிவரை உரைக்கவில்லை. சட்டம் கேட்டது, குற்றம் எவருடையது என்பது. படம் கேட்டதோ, மீண்டும் நம்ப இயலுமா என்பது.

இப்படத்துக்காக மக்கேரி சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றார். அவரோ, பரிசு தவறான படத்துக்குக் கிடைத்துவிட்டது என்றார். வீட்டை இழந்து, பிள்ளைகளிடம் தனித்தனியே தங்க நேர்ந்த முதிய தம்பதியரைப் பற்றி அதே ஆண்டில் அவர் எடுத்த படமே அவர் கருத்தில் இருந்தது. சட்டம் பிரித்தோரை அன்பு கூட்டியது. அன்பு கூட்டியோரை வறுமை பிரித்தது. இரண்டையும் ஒருங்கே நோக்குவோர்க்கே அக்கால இல்லறத்தின் வரலாறு விளங்கும்.