செக் கேஸில் ஒருநாள் தவறினால் என்ன ஆகும்? வக்கீல் ஆபீஸின் தேதிகளைக் காக்கும் குமாஸ்தா!

கேஸ் என்னாச்சு என்று வக்கீலுக்கு போன் போட்டால், பல நேரம் வரும் பதில் இதுதான்: "கோர்ட்டில் இருக்கேன், குமாஸ்தாகிட்ட கேட்டுக்கோங்க." இதைக் கேட்டதும் கட்சிக்காரர்களுக்கு கடுப்பு வருவது சகஜம். ஆனால், அடுத்த வாய்தா என்றைக்கு, என்ன பேப்பர் கொண்டு வரணும், கோர்ட் ஃபீஸ் எவ்வளவு கட்டணும் என்பதற்கெல்லாம் வக்கீலைவிடச் சட்டென்று பதில் சொல்லக்கூடியவர் அவர்தான்.

வெளிநாடுகளில் பாராலீகல் என்று சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதியை நம்ம ஊரில் காலங்காலமாகச் செய்துவருபவர் வக்கீல் குமாஸ்தா. இப்போது பெரிய சட்ட நிறுவனங்களில் பாராலீகல் என்ற பெயரிலேயே ஆள் எடுக்கிறார்கள். (இலவச சட்ட உதவி மையங்களில் இருக்கும் 'பாரா லீகல் வாலண்டியர்' வேறு. அவர் மக்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் நடுவே உதவும் தன்னார்வலர்.)

எதைச் செய்யக்கூடாது?

1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி கோர்ட்டில் வாதாடும் உரிமை வழக்கறிஞருக்கு மட்டுமே உண்டு. எனவே, 30 வருஷ அனுபவம் இருந்தாலும் குமாஸ்தா கேஸை நடத்த முடியாது. "இந்தக் கேஸ் ஜெயிக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை இல்லை. நல்ல குமாஸ்தா அதை வக்கீல் பக்கம் தள்ளிவிட்டு, "பத்திரத்தோட ஒரிஜினலை எடுத்துட்டு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இரண்டு வகை தேதி

ஆபீஸ் நிர்வாகம் என்றால் ஃபைல் அடுக்குவதும் டைப் அடிப்பதும் மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. அதன் உயிர்நாடி டைரி. அதில் இரண்டு வகை தேதிகள் வரும். ஒன்று வாய்தா. அதை கோர்ட்டே சொல்லிவிடும். இன்று குறிக்க மறந்தாலும் நாளை இ-கோர்ட்ஸ் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று கெடு தேதி. அதாவது இந்த நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பணும், அப்பீல் போடணும் என்று சட்டம் வைத்திருக்கும் காலவரம்பு. கேஸே இன்னும் போடாத நிலையில் எந்த ஆப்பும் அதைக் காட்டாது, எந்த கோர்ட்டும் கூப்பிட்டுச் சொல்லாது. ஆபீஸில் யாராவது ஒருவர் எண்ணிக் குறித்து வைத்தால்தான் உண்டு.

செக் பவுன்ஸ் கேஸையே எடுத்துக்கொள்வோம். செக் திரும்பிவிட்டது என்ற தகவல் பேங்க்கிலிருந்து ஜூன் 10 அன்று உங்களுக்குக் கிடைக்கிறது. அதிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தகவல் வந்த நாளைத் தள்ளி எண்ணினால் கடைசி நாள் ஜூலை 10. நீங்கள் முன்கூட்டியே அனுப்பி, அவர் ஜூன் 24 அன்று வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கொடுக்க அவருக்கு 15 நாள் அவகாசம், அது ஜூலை 9 உடன் முடிகிறது. அன்றும் பணம் வரவில்லை என்றால், ஜூலை 10 அன்று கேஸ் போடும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் 10-க்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் ஆக வேண்டும்.

நோட்டீஸுக்கு சட்டம் சொல்வது '30 நாள்', புகாருக்குச் சொல்வது 'ஒரு மாதம்'. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஜூலையில் 31 நாள் இருப்பதால் இங்கே ஒருநாள் வித்தியாசம் வந்துவிடுகிறது. விரல்விட்டு எண்ணாமல் காலண்டரை வைத்து எண்ணுங்கள் என்று சீனியர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, தவறிவிட்டால்? புகார் தாக்கல் செய்வதில் தாமதம் என்றால், தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் 30 நாள் நோட்டீஸ் கெடு தவறினால் அதை மன்னிக்க சட்டத்தில் வழியில்லை. செக் காலாவதி ஆகாமல் இருந்தால் மறுபடி பேங்க்கில் போட்டு, அது மறுபடி திரும்பினால் புதிதாக ஆரம்பிக்கலாம். செக்கின் ஆயுள் 3 மாதம்தான். அதுவும் போய்விட்டால் செக் மோசடிக்கான அந்தக் கிரிமினல் கேஸ் கையைவிட்டுப் போகும். கடன் உண்மை, கையெழுத்து உண்மை, எல்லாமே இருந்தும்!

சிவில் கேஸிலும் இதே கதைதான். எதிர்வாதியாக சம்மன் வாங்கியவர் 30 நாளுக்குள் எதிர் வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். சாதாரண கேஸில் அதற்குப் பிறகும் கோர்ட் மனமிரங்க இடமுண்டு. வணிக வழக்கு என்றால் 120 நாளோடு கதவு மூடிவிடும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள். அப்பீல், கீழ் அப்பீல் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள்.

அப்பீலில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்க ஆகும் நாட்கள் கெடுவில் கழிக்கப்படும். ஆனால் மனு போட்ட பிறகு ஆகும் நாட்கள்தான் கழியும், மனு போடாமல் தூங்கிய நாட்கள் கழியாது. அதனால், தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுவது பல ஆபீஸ்களில் பழக்கம். அப்பீல் போடுவதா வேண்டாமா என்பதை வக்கீலும் கட்சிக்காரரும் நிதானமாக முடிவு செய்துகொள்ளட்டும்!

'ரிட்டர்ன்' என்ற இன்னொரு கண்ணி

தாக்கல் செய்தாச்சு, இனி கவலை இல்லை என்றும் இருக்க முடியாது. ஸ்டாம்ப் குறைவு, கையெழுத்து விடுபட்டது, ஆவணம் இணைக்கவில்லை என்று கோர்ட் அலுவலகம் மனுவைத் திருப்பித் தரும். சரிசெய்து கொடுக்க அதற்கும் ஒரு கெடு உண்டு, தாண்டினால் தாமதத்துக்குத் தனி மனு போட வேண்டும். திரும்பி வந்த கட்டு அலமாரியில் கிடக்க, "கேஸ் நம்பர் ஆயிடுச்சு" என்று நம்பி கட்சிக்காரர் வீட்டில் காத்திருந்தால் கதை கந்தல்தான். ரிட்டர்ன் கட்டுகளுக்குத் தனி ரேக், தனி ரிஜிஸ்டர் வைப்பது இதற்காகத்தான்.

பணமும் ரகசியமும்

தமிழ்நாட்டில் பண வசூல் கேஸுக்கு கோர்ட் ஃபீஸ் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 10 லட்ச ரூபாய் கேட்டு வழக்குப் போட்டால் ஃபீஸே 30,000 ரூபாய். இந்தப் பணம் பெரும்பாலும் குமாஸ்தா கை வழியாகத்தான் போகும். வக்கீல் ஃபீஸ் வேறு, கோர்ட் ஃபீஸ் வேறு, பேட்டா வேறு என்று தனித்தனியாக எழுதி ரசீது கொடுத்துவிட்டால் பிற்பாடு சண்டை வராது. கட்சிக்காரர் கேட்கக் கூச்சப்படவும் தேவையில்லை.

வக்கீலிடம் சொல்லும் ரகசியம் குமாஸ்தா காதிலும் விழுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-வது பிரிவு, வக்கீலுக்குள்ள அதே ரகசியக் கட்டுப்பாட்டை அவரது குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் விதிக்கிறது. டீக்கடையில் நின்று பேசுவதற்கும் வாட்ஸ்அப் குரூப்பில் பத்திரத்தின் போட்டோவைப் போடுவதற்கும் சேர்த்துத்தான் இது.

குமாஸ்தா லீவு போட்டால்?

சின்ன ஆபீஸ்களின் பெரிய பலவீனம் இதுதான். எல்லாத் தேதியும் ஒரே ஆளின் மண்டையில் இருக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆபீஸுக்கே ஞாபகமறதி வந்த மாதிரி. செலவில்லாத வழி, பேப்பர் டைரியோடு போனில் பொதுவான காலண்டர் ஒன்றும் வைத்து, ஒவ்வொரு கெடு தேதியையும் வக்கீல், ஜூனியர், குமாஸ்தா மூவர் போனிலும் 7 நாள் முன்பும் முந்தின நாளும் அடிக்கும்படி செட் செய்வது.

கட்சிக்காரர் பக்கமும் ஒரு வேலை உண்டு. கேஸ் நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால், வாய்தாவை இ-கோர்ட்ஸ் ஆப்பில் நீங்களே பார்க்கலாம். செக் திரும்பிய கேஸ் என்றால், பேங்க் மெமோவைக் கொடுக்கும்போதே "நோட்டீஸுக்குக் கடைசி நாள் என்னைக்கு?" என்று குமாஸ்தாவிடம் கேட்டு, மெமோவின் ஜெராக்ஸில் அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.