பட்டை வயர் முதல் எட்டாயிரம் ரூபாய் கேபிள் வரை

போன மாதம் ஒருநாள் காலையில் குரங்கணியிலிருந்து வாத்தியார் அண்ணன் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

"தம்பி, நீ டெலிபோன் டிபார்ட்மென்ட்ல வயரோடயே வாழ்ந்தவன். ஒரு வயர் எட்டாயிரம் ரூபா பெறுமா?"

"எத்தனை கிலோமீட்டர்ண்ணே?" என்றேன்.

"ரெண்டு மீட்டர்ப்பா!"

விஷயம் இதுதான். மதினிக்கு மூட்டுவலி. போடிக்கு வந்து தியேட்டரில் படம் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் அண்ணன் ஐம்பத்தைந்து அங்குல டிவியும் ஐந்து ஸ்பீக்கர் ஹோம் தியேட்டரும் வாங்கி வீட்டிலேயே தியேட்டர் வைத்துவிட்டார். ஆனால் மதினிக்குத் திருப்தி இல்லை. "பாட்டு நல்லாக் கேக்குது, பேசுறதுதான் புரியல" என்றிருக்கிறார். கடையில் போய்ச் சொன்னதற்கு, "வயர் சாதா வயரா இருக்கும் சார். வெள்ளி பூசின எச்.டி.எம்.ஐ. கேபிள் போடுங்க, படமும் பேச்சும் கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று ஒன்றைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்ற பேச்சு. அதில் மூன்று நாள் போய்விட்டது.

"படம் நெஜமாவே நல்லாயிருச்சு தம்பி. கண்ணால பாத்தேன். ஆனா அவளுக்குப் பேச்சு இன்னும் புரியல. வச்சுக்கவா, குடுத்துரவா? நம்ம காலத்துல நல்ல வயர் போட்டாத்தான படம் தெரிஞ்சுச்சு?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அவர் சொன்னது உண்மை. நம் காலத்தில் நல்ல வயர் போட்டால்தான் படம் தெரிந்தது.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தூர்தர்ஷன், சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். நம் பக்கம் அப்போதும் ரேடியோதான். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், தென் மாவட்டங்களில் வசதியுள்ளவர்கள் உயரமான குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடல் தாண்டித் திருப்பி வைத்தார்கள். எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் உயர்சக்தி நிலையம் வந்த பிறகுதான் போடியில் மாடிக்கு மாடி மீன்முள் ஆன்டெனா முளைத்தது. எல்லாம் கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "இப்ப தெரியுது... போச்சு... அப்படியே வை!" என்று கத்துவதைக் கேட்காத தெரு கிடையாது.

ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வந்தது பட்டை வயர். நடுவில் பிளாஸ்டிக், இரண்டு ஓரத்திலும் செம்புக் கம்பி. 300 ஓம் வயர் என்போம். அந்த இரண்டு கம்பிகளுக்கும் உள்ள இடைவெளிதான் அதன் உயிர். தகரக் கூரையில் படுத்தாலும், மழையில் நனைந்தாலும், இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டினாலும் படம் கெட்டுவிடும். வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து இரண்டே வருஷத்தில் புள்ளி அடிக்க ஆரம்பிக்கும்.

குரங்கணியில் பாடு இன்னும் அதிகம். மூன்று பக்கமும் மலை. கொடைக்கானல் சிக்னல் ஒரு தடவை நேராகவும், மலைச்சுவரில் மோதி இன்னொரு தடவை தாமதமாகவும் வரும். எதிரொலி மாதிரி, படத்திலும் ஒரு 'எதிர்ப்படம்' விழும். 300 மீட்டர் சுற்றி வந்தால் மைக்ரோ செகண்ட் ஒன்று தாமதம். இருபது அங்குலத் திரையில் அது முக்கால் சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் நிழல். வாத்தியார் அண்ணன் வீட்டு டிவியில் செய்தி வாசிப்பவருக்கு எப்போதும் இரண்டு மூக்கு. நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடியில் நின்று, பட்டை வயரை எடுத்துவிட்டு, வலை சுற்றிய உருண்டை கேபிள் போட்டு, ஆன்டெனாவை இடம் மாற்றி ஒரு மூக்கைக் குறைத்தேன். அன்று அந்த வீட்டில் எனக்குக் கோழிக்குழம்பு. வயர் செய்த வித்தையை அண்ணன் அன்றைக்கே கண்ணால் பார்த்தவர்.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தபோதும் இதே பாடம்தான். 1993-இல் சன் டிவி வந்தபின் தெருத்தெருவாக, கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுத்தார்கள். சிக்னல் போகப் போகத் தேயும். நடுவில் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் படத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கடைசி வீட்டுக்காரருக்கு எப்போதும் கலங்கல் படம். மட்டமான கேபிள் போட்ட ஆபரேட்டரை ஊரே திட்டியது. திட்டியது நியாயம்தான்.

இதெல்லாம் அனலாக் காலம். அதில் படமே மின்சார அலையாக வயரில் ஓடும். வயரில் எது தேய்ந்தாலும் படத்தில் தேயும், எது கலந்தாலும் படத்தில் கலக்கும். பால்காரர் கொண்டுவரும் பாலில் வழியில் மழைத்தண்ணீர் விழுந்தால், அதை மட்டும் பிரித்தெடுக்க முடியாதல்லவா? அதுபோல.

டிஜிட்டல் என்றால் என்ன என்று எனக்கு டிவி சொல்லித்தரவில்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்தான் சொல்லித்தந்தது. பழைய காலத்தில் சென்னைக்கு டிரங்க் கால் போட்டால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். பிறகு பி.சி.எம். முறை வந்தது. குரலை எண்களாக்கி, 0, 1 என்ற துடிப்புகளாக அனுப்புவார்கள். ஒரு விநாடிக்கு 20 லட்சத்துச் சொச்சம் துடிப்புகள். அதில் முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசலாம். அதே பழைய செம்புக் கம்பிதான். ஆனால் சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சிறு பெட்டி. தேய்ந்து நொந்து வரும் துடிப்பைப் பார்த்து, 'நீ 0, நீ 1' என்று கண்டுபிடித்து, புதிதாக அடித்து அனுப்பிவிடும். இரைச்சலைப் பெருக்காது, அங்கேயே கழித்துக்கட்டும். துடிப்பு எவ்வளவு நொந்திருந்தாலும் அது 0-வா 1-ஆ என்று தெரிந்தால் போதும், குரல் ஒரு மயிரிழையும் குறையாமல் போய்ச்சேரும். தெரியாமல் போனால் கரகரப்பு, அல்லது லைனே செத்துவிடும். நடுவில் 'கொஞ்சம் சுமாரான குரல்' என்று ஒன்று கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். 1902-இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம், 1908-இல் சிறிய ரயில், 1924 வெள்ளத்தில் எல்லாம் போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடி வந்து சேரும். அங்கிருந்து வண்டியில் போடி. வடம் தாங்கினால் பெட்டி முழுசாக வரும். அறுந்தால் பள்ளத்தில். வடத்தை வெள்ளியில் முறுக்கியிருந்தாலும் தேயிலையின் மணம் கூடியிருக்காது. எச்.டி.எம்.ஐ. கேபிளும் அப்படி ஒரு வடம்தான்.

ஹிட்டாச்சி, மட்சுஷிடா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், டோஷிபா என்ற ஏழு கம்பெனிகள் கூடி 2002 டிசம்பரில் இதன் முதல் இலக்கணத்தை வெளியிட்டார்கள். அதுவரை படத்துக்கு ஒரு வயர், சத்தத்துக்கு இரண்டு வயர். இதில் எல்லாம் ஒன்றாகி, எண்களாகவே போகும். 2013-இல் விநாடிக்கு 18 ஜிகாபிட் ஆனது, 2017-இல் 48 ஆனது. அந்த 18-ஐ என் பழைய பி.சி.எம். கணக்கில் போட்டுப் பார்த்தேன். சுமார் 8,800 லைன்கள். அதாவது இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பேசுமளவு, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இந்த வயரில் ஓடுகிறது. எனக்கே மலைப்பாக இருந்தது.

அவ்வளவு வேகம் என்பதால் வயர் மட்டமாக இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மட்டமான வயர் அறுந்த வடம் ஆகிவிடும். ஆனால் அதன் அறிகுறி வேறு. திரையில் வெள்ளை வெள்ளையாக மினுக்கும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது கறுப்பாக நின்றுவிடும். 'நிறம் சற்று மங்கல்', 'பேச்சு சற்றுத் தெளிவில்லை' என்றால் அது வயரின் குற்றமே அல்ல. மினுக்காமல் ஓடுகிற வயருக்கு மேல் எத்தனை ஆயிரம் போட்டாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

பிறகு ஏன் எட்டாயிரத்துக்கு விற்கிறார்கள்? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் நோயல் லீ என்பவர் 1979-இல் மான்ஸ்டர் கேபிள் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன்பு ஸ்பீக்கருக்குச் சாதாரண விளக்கு வயரைத்தான் மாட்டுவார்கள். ஸ்பீக்கருக்குப் போவது இன்றைக்கும் அனலாக்தான், தூரம் அதிகமானால் தடித்த வயர் தேவைதான். அந்த நியாயமான இடத்தில் பிறந்த வியாபாரம், நியாயமில்லாத இடத்துக்கும் பரவியது. 2008-இல் டெனான் கம்பெனி கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயர் போன்ற ஒன்றரை மீட்டர் கேபிளை 499 டாலருக்கு விற்றது. சிக்னல் போகும் திசைக்கு அம்புக்குறி வேறு! உலகமே சிரித்தது.

சரி, குரங்கணிக்கு வருகிறேன். மறுநாள் என் வீட்டிலிருந்த 350 ரூபாய் எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போனதும் முதலில் கேட்டேன்: "புது வயர் போடுறதுக்கு முன்னால செட்டாப் பாக்ஸ்லருந்து டிவிக்கு எந்த வயர்ண்ணே போட்டிருந்தீங்க?"

அலமாரியிலிருந்து எடுத்துக்காட்டினார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த பழைய ஏ.வி. வயர்!

புதிர் அங்கேயே அவிழ்ந்துவிட்டது. அனலாக் வயரை எடுத்துவிட்டு டிஜிட்டல் வயர் போட்டால் படம் தெளியத்தானே செய்யும்? அண்ணன் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. வயரின் வகை மாறியதால் வந்த தெளிவு அது. அவர் அதை விலையின் கணக்கில் எழுதிவிட்டார். செட்டாப் பாக்ஸ் அட்டைப்பெட்டியைத் துழாவினேன். கம்பெனி இலவசமாகக் கொடுத்த எச்.டி.எம்.ஐ. கேபிள் முறுக்குக்கூடப் பிரிக்காமல் கிடந்தது.

சொன்னால் கணக்கு வாத்தியார் ஒப்புவாரா? பரீட்சையே வைத்துவிட்டோம். அவர் வெளியே போவார், நான் வயரை மாற்றுவேன் அல்லது மாற்றுவதுபோல் பாவனை செய்வேன். அவர் வந்து பார்த்து எட்டாயிரமா முந்நூற்றைம்பதா என்று சொல்ல வேண்டும். பத்து முறை. நான்கு சரி, ஆறு தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும். மதினியைக் கேட்டோம். "ரெண்டும் ஒண்ணுதான். காப்பி ஆறுது, குடிங்க ரெண்டு பேரும்" என்றார்.

மதினியின் குறை மட்டும் பாக்கி. ஹோம் தியேட்டரில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதன் சத்தத்தை ரிமோட்டில் தனியாகக் கூட்டி வைத்தேன். கொஞ்சம் தேவலை என்றார். அப்போதுதான் கவனித்தேன். நான் பின்னால் நின்று பேசினால் அவர் பதில் சொல்லவில்லை, முகம் பார்த்துப் பேசினால் சொல்கிறார். வயதானால் காதில் முதலில் குறைவது கீச்சு ஓசைகள். அதனால் குரல் கேட்கும், சொல் புரியாது. 'பாட்டு கேக்குது, பேச்சு புரியல' என்று மதினி சொன்னது வயரைப் பற்றியே அல்ல.

அண்ணன் அன்று சாயங்காலமே கேபிளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். கடைக்காரர் முனகி, பெட்டி பிரித்ததற்கு ஐந்நூறு பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாராம். அந்தப் பணத்தோடு மறுவாரம் தேனிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் குறைவு. காது மிஷின் வைத்திருக்கிறார்கள். கேபிளைவிட விலை அதிகம்தான். ஆனால் போன வாரம் மதினியே போன் செய்தார். "தம்பி, படம் இருக்கட்டும். மழை பேயுற சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு!" என்றார்.

என்னைப்போன்ற வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தை. இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்கு முந்நூறு, ஐந்நூறு ரூபாய்க் கேபிள் தாராளம். 4கே டிவி என்றால் உறையில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு', அதற்கும் மேலான வேகத்துக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்ற சான்று லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். தங்க முலாம் துருவைத் தடுக்கும், படத்தைக் கூட்டாது. புரொஜெக்டருக்காகப் பத்துப் பதினைந்து மீட்டர் இழுக்க வேண்டுமென்றால் மட்டும் கண்ணாடி இழை கேபிளுக்குச் செலவு செய்யலாம். அங்கே வடம் நிஜமாகவே அறுகிற தூரம்.

ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில் நானும் ஒரு கடையில் நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து இப்படி ஒரு கேபிள் வாங்கினேன். முப்பது வருஷம் கம்பியோடு வாழ்ந்தவன்! பிள்ளைகளிடம் விலையைச் சொல்லவே இல்லை. கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்பது பாதிதான். மீதிப் பாதி, மாடியில் நின்று ஒரு மூக்கைக் குறைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை. நம் அனுபவம் பொய்யில்லை, அதன் காலம்தான் முடிந்துவிட்டது. அதைத்தான் நமக்கே திருப்பி விற்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பட்டை வயர் இன்னும் கிடக்கிறதா?